வலையை எங்கே போட்டீர்கள்?

கேள்வி: திருகோணமலைத் திருக்கடலூரில் அப்பாவோடு இருக்கிறேன். வயது 26. நாலு வருசமாக லினோத் தகட்டை வெட்டி, மை பூசி அச்சுப் படங்கள் செய்கிறேன். பனிமலை, பைன் காடு என்று போனில் பார்த்ததையெல்லாம் வெட்டிவிட்டேன். எதிலும் உயிர் இல்லை. மை திட்டுத்திட்டாக விழுகிறது. மழைக்காலத்தில் காய்வதும் இல்லை. படம் காயப்போட இடம் வேண்டுமென்று, விறாந்தையில் அப்பா பொத்திக்கொண்டிருந்த கரைவலையில் மீன் சேரும் மடியைக்கூடக் கோடிப்பக்கம் போட்டாயிற்று. இங்கே மனதைத் தூண்ட ஒன்றும் இல்லை. கொழும்புக்குப் போய்விடலாமா? அண்ணன் கனடாவில். அப்பாவுக்கு நான் மட்டும்தான்.

பதில்: தங்கச்சி, கொழும்பு கொஞ்சம் பொறுக்கட்டும். வலையைக் கோடிப்பக்கம் போட்ட அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. "மடியைக்கூட" என்று எழுதியிருக்கிறீர்கள், கலைக்காக ஏதோ விட்டுக்கொடுத்தவர்போல. விட்டுக்கொடுத்தவர் உங்கள் அப்பா. அவரிடம் கேட்டீர்களா என்பதைக் கடிதத்தில் காணவில்லை.

வாடை பிறந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கரைவலை ஓய்ந்துவிடும். கிழிசல் பொத்துவது அந்த மாதங்களில்தான். மடியின் சின்னக் கண்களுக்குள் ஊசியை விட்டெடுக்க வயதானவருக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். உங்கள் படத்துக்கு வெளிச்சம் எதற்கு? எண்ணெய் மை காற்றில் உள்ள ஒட்சிசனை இழுத்து இறுகுகிறது. அதைத்தான் காய்வது என்கிறோம். மழைக்கால விறாந்தையில் கடலின் ஈரம் கடதாசியில் ஏறும். மூன்று நாளில் காயவேண்டியது பத்தாம் நாளும் விரலில் ஒட்டும். உள்ளறையில் தலைக்கு மேலே ஒரு கயிறு கட்டுங்கள். இரண்டிரண்டு படமாக, முதுகோடு முதுகு வைத்து உடுப்புக் கிளிப்பால் மாட்டுங்கள். ஒரு மூலையில் மின்விசிறி மெல்லச் சுழலட்டும், அதன் காற்று படங்களில் நேரே பட வேண்டாம். அப்பாவை எழுப்பிவிட்டுப் பிடித்த இடம் உங்கள் வேலைக்கு உதவாத இடம்.

திட்டுக்கும் காரணம் சொல்கிறேன். கண்ணாடியில் மையைப் பரப்பும்போது றோலரின் சத்தத்தைக் கேளுங்கள். பட்டுச்சேலை உரசுவதுபோல மெல்லிய 'சர்' வந்தால் அளவு சரி. சேற்றில் கால் வைத்ததுபோல 'சளக்' என்றால் மை கூடிவிட்டது. மெல்லிய வெட்டுகளை அடைத்துவிடும், காயவும் மாட்டாது. ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசாமல், மெல்லியதாக நாலைந்து தரம், ஒவ்வொரு தரமும் திசை மாற்றி உருட்டுங்கள். அழுத்தும் இயந்திரம் இல்லாமல் மரக்கரண்டியின் முதுகால் தேய்ப்பவர் தடித்த சித்திரக் கடதாசியை எடுக்கக்கூடாது, மை ஏறாது. மெல்லிய கடதாசியை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, ஒரு பாதியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபாதியைத் தூக்கிப் பாருங்கள். வெளுத்த இடத்தில் திரும்பவும் தேய்க்கலாம். திட்டு சின்ன வெள்ளை வட்டமாக, நடுவில் ஒரு புள்ளியோடு இருந்தால் அது மணல். கடற்கரை வீட்டில் ஒவ்வொரு அச்சுக்கும் முன் தகட்டைத் துடைத்தே ஆகவேண்டும்.

உயிர் இல்லை என்கிறீர்களே, பனிமலையில் உங்களுக்கு என்ன உயிர் இருக்கும்? காலில் படாத பனி. வலையை எடுத்துப் பாருங்கள். மடியில் கண் சிறியது, கரைப்பக்கம் வரவரப் பெரியது. கடலை அப்படியே கறுப்பாக விட்டு, நூலை மட்டும் மிகச் சிறிய 'வீ' வடிவ உளியால் வெள்ளைக் கோடாக வெட்டுங்கள். நூல் கறுப்பாக வரவேண்டுமென்று ஒவ்வொரு கண்ணையும் தோண்டினால் முடிச்சுகள் பிய்ந்துவிடும். வளைவில் கையைத் திருப்பாமல் லினோவைத் திருப்புங்கள்; மற்றக் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். கோணேசர் மலையைப் பின்னணியில் வைப்பதானால் ஊடு தெரியும் தாளில் வரைந்து புரட்டிப் பதியுங்கள். இல்லாவிட்டால் மலை இடம்வலம் மாறி நிற்கும், டச்சுக்குடாவில் குளிக்கிற சின்னப்பிள்ளையும் பிடித்துவிடும்.

உளியே இல்லாமலும் வலை அச்சில் வரும். ஒரு துண்டை நன்னீரில் மூன்று தரம் அலசி உப்பைப் போக்கி, நன்றாக உலர்த்துங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரத்தில் எண்ணெய் மை பிடிக்காது. வெட்டாத லினோவில் மெல்லிய மை பூசி, துண்டை அதன்மேல் விரித்து, நைலோன் துள்ளாமல் முனைகளை ஒட்டி, கடதாசி வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். முதல் படத்தில் வலை வெள்ளையாக வரும். வலையை மெல்லத் தூக்கிவிட்டு இன்னொரு கடதாசி வையுங்கள். நூலின் முறுக்கும் முடிச்சும் வருவது இரண்டாவதில்தான். பலர் முதலாவதோடு தகட்டைக் கழுவிவிடுகிறார்கள்.

ஜெர்மனியின் அச்சுப்படக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் 1891 முதல் 1943 வரை பெர்லினில் தொழிலாளர் குடியிருந்த ஒரே பகுதியில் வாழ்ந்தவர். கணவர் வைத்தியர், அவரிடம் மருந்துக்கு வந்த பெண்கள் பலர் கேத்தேயின் படங்களில் நிற்கிறார்கள். 1914இல் இளைய மகன் போரில் இறந்தான். 1921–22இல் போரைப் பற்றி ஏழு மரவெட்டு அச்சுகள் செய்து முடித்தார். அவற்றில் ஒன்றில் தாயும் தகப்பனும் முழங்காலிட்டு ஒருவரில் ஒருவர் சாய்ந்திருக்கிறார்கள். அந்தத் துக்கம் நம் ஊருக்கும் தெரிந்ததே. அவர் அதைத் தேடி எங்கும் போகவில்லை.

கொழும்புக்குப் போங்கள், பத்து நாளைக்கு. கண்காட்சிகளைப் பாருங்கள், மையும் கடதாசியும் வாங்குங்கள், திரும்பி வாருங்கள். தனியே இருக்கும் தகப்பனை விட்டுவிட்டுக் குடிபெயரச் சொல்லி என் பேனை எழுதாது. பிள்ளையின் கடமையில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை.

மடியை இன்றைக்கே எடுத்து வாருங்கள். நனைந்திருந்தால் விரித்து உலர்த்தி, எலி கடித்திருக்கிறதா என்று பார்த்து, முன்பு கிடந்த மூலையிலேயே அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் வையுங்கள். அச்சுக்குத் துண்டு வேண்டுமென்று நீங்களாகக் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். எதை வெட்டலாம் என்று அவர் சொல்லட்டும்.