அந்த ‘டெம்பிளு’க்கு நான் போகலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்கு வந்து நாலு மாதமாகிறது. என் கணவர் காலமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு யூதப் பெண்மணியும் கணவரை இழந்தவர். “வெள்ளிக்கிழமை எங்கள் டெம்பிளுக்கு வா, என் கணவர் பெயரை வாசிக்கிறார்கள்” என்று கூப்பிடுகிறார். இந்த நிலைமையில் போகலாமா? மதம் மாறச் சொல்வார்களோ?
- ஒரு வாசகி

பதில்: போய்விட்டு வாருங்கள், அம்மா.

வருஷம் திரும்பாதவள் கோயில் வாசலை மிதிக்கலாமா என்பது நம் ஊர்க் கணக்கு. அங்கே கணக்கே வேறு. துக்கத்தில் இருப்பவர்தான் அங்கே முதலில் வரவேண்டியவர். இறந்தவர்களை நினைத்துச் சொல்லும் ‘கடீஷ்’ பிரார்த்தனையை வீட்டு மூலையில் தனியாக உட்கார்ந்து சொல்ல முடியாது. பத்துப் பேர் கூட வேண்டும் என்பது மரபு. அழுகிறவரை ஒண்டியாக விடக்கூடாது என்பதற்கே இந்த விதியோ என்று எனக்குத் தோன்றும். அந்தப் பிரார்த்தனையில் சாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது, முழுக்கக் கடவுள் துதி.

பெயர் வாசிக்கிறார்கள் என்றால் அது அவர் கணவரின் ‘யார்ட்சைட்’. நம் பாஷையில் வருஷத் திதி. அவர்களும் சந்திரனை வைத்துத்தான் நாள் பார்ப்பார்கள். 19 வருஷத்தில் 7 தடவை அதிக மாசம்கூட வரும்! அப்படிப்பட்ட நாளில் அவர் பக்கத்தில் உட்கார உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

மதமாற்ற பயமே வேண்டாம். தானாக வந்து கேட்பவரையே மூன்று தடவை திருப்பி அனுப்புவது அவர்களின் பழைய வழக்கம்.

‘டெம்பிள்’ என்கிறாரே, பெரும்பாலும் ‘ரிஃபார்ம்’ என்ற சீர்திருத்த யூதப் பிரிவாக இருக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே உட்காருவார்கள். பூஜை நடத்தும் ரப்பை பெண்ணாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் 1972-லேயே சாலி பிரீசாண்ட் ரப்பை ஆகிவிட்டார். மன்ஹாட்டனின் சென்ட்ரல் சினகாக் என்ற யூதக் கோயிலில் தலைமை ரப்பையான ஏஞ்சலா புக்தால் சியோலில் பிறந்தவர், அம்மா கொரிய பௌத்தர். நீங்கள் புடவை, திருநீறோடு தாராளமாகப் போகலாம். செருப்பைக் கழற்ற வேண்டாம். போனை அணைத்துவிடுங்கள். கேட்காமல் பலகாரம் எடுத்துப் போகாதீர்கள், ‘கோஷர்’ என்ற யூத உணவு விதி பார்க்கும் சமையலறைக்குள் வெளிச் சமையலை விடமாட்டார்கள். வாசலில் காவலர் பையைச் சோதித்தால் சங்கடப்படாதீர்கள். 2018-ல் பிட்ஸ்பர்க் சினகாக்கில் 11 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றானே, அதிலிருந்து இன்னும் கெடுபிடி.

‘லெகா தோதி’ என்று ஒரு பாட்டு வரும். கடைசி அடியில் எல்லோரும் எழுந்து வாசல் பக்கம் திரும்பித் தலை குனிவார்கள். முதல் தடவை நான் யாரோ வி.ஐ.பி. வருகிறார் என்று எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. வெள்ளி மாலை தொடங்கும் வார ஓய்வு நாளை மணப்பெண்ணாக நினைத்து வரவேற்கிறார்களாம்.

சில இடங்களில் கடீஷுக்கு முன்னால், மனதில் இருப்பவர் பெயரை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லச் சொல்வார்கள். உங்கள் கணவர் பெயரையும் சொல்லலாமா என்று தோழியிடம் கேட்டு வையுங்கள்.

முடிந்ததும் பின்னல் போட்ட ‘ஹல்லா’ ரொட்டிக்கு ஆசீர்வாதம். நான் போன இடத்தில் ரொட்டிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அதைத் தொட்டார்கள், எட்டாதவர்கள் முன்னால் நின்றவர் தோளைத் தொட்டார்கள். உங்கள் தோளிலும் ஒரு கை விழலாம். திடுக்கிடாதீர்கள்.