ஐரோப்பிய வரலாறு: எந்தத் தாளை முதலில் எடுப்பது?

பி.ஏ.வில் இரண்டு ஐரோப்பிய வரலாற்றுத் தாள்கள்தான் எடுக்க முடியும், எதை எடுப்பது, என்ன படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். 1789 முதல் 1914 வரையிலான தாளை முதலில் எடுங்கள். பிரெஞ்சுப் புரட்சி, தொழிற்புரட்சி, 1871இல் ஜெர்மனி ஒன்றானது எல்லாம் அதில் வந்துவிடும். இவை தெரியாமல் உலகப் போர்களுக்குப் போனால் வெறும் தேதிகள்தான் மிஞ்சும்.

வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாமின் மூன்று நூல்கள் இதே காலத்தைத்தான் தொடராகச் சொல்கின்றன. முதல் நூல் 1848 வரை. அவர் மார்க்சியர், பொருளாதாரத்துக்கு அழுத்தம் கொடுப்பவர். அதனால் மதம், அரசியல் பற்றி வேறொருவரையும் கூடவே படியுங்கள்.

அப்புறம் இரண்டாவது தாள் 1945க்குப் பிந்தையது என்றால் வரலாற்றாசிரியர் டோனி ஜட்டின் ‘போஸ்ட்வார்’ என்ற நூலைப் படியுங்கள். தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பலர் ஓரிரு பத்தியில் கடந்துவிடும் கிழக்கு ஐரோப்பாவையும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார்.