அரைகுறையாகக் காதில் விழுவதுதான் அவனை அரிக்கிறது

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். கலகலப்பாக இருந்தவன், அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ‘ம்’ என்பதைத் தவிர வாய் திறப்பதில்லை. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி என்கிறான். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். நாங்கள் அவனைத் திட்டுவதே இல்லை. நீட் கோச்சிங்குக்கு நகையை அடகு வைப்பதா, என் அண்ணனிடம் கேட்பதா என்பதைக்கூட அவன் படுத்த பிறகுதான் பேசுகிறோம். என்ன குறை வைத்தோம்?
– ஒரு தாய், திருச்சி

பதில்: சகோதரி, டாக்டர் ஒன்றுமில்லை என்றதால் வலி பொய் என்று நினைத்துவிடாதீர்கள். மூளைக்கும் குடலுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. மனம் பதறினால் வயிறு உண்மையிலேயே வலிக்கும். ‘நடிக்காதே’ என்ற சொல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அவன் படுத்த பிறகு பேசுகிறோம் என்கிறீர்கள். படுத்தவன் தூங்கிவிட்டானா? பதின்வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் சுரப்பதே தாமதமாகத்தான். ‘நகை’, ‘வட்டி’, ‘இவனுக்காக’ என்று துண்டுதுண்டாகக் கேட்டபடி அவன் விழித்துக் கிடந்திருக்கலாம். தன்னால்தான் வீடு கடனாகிறது என்று அவனாகவே முடிவு கட்டியிருந்தால், மறுநாள் காலை அவனால் எப்படிக் கலகலப்பாகப் பேச முடியும்?

எனவே பகலில், கணவரும் கூட இருக்கும்போது, கணக்கை அவனிடமே சொல்லுங்கள். இவ்வளவு கட்ட முடியும், இதற்கு மேல் முடியாது, கடன் வாங்கினால் அடைப்பது எங்கள் பொறுப்பு, சீட் கிடைக்காவிட்டாலும் உன்மீது கோபம் இல்லை என்று. உள்ளதைச் சொன்னால் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். பாதி தெரிந்து பாதி தெரியாமல் இருப்பதுதான் அவர்களை வாட்டும்.

பிறகு அவன் பேச ஆரம்பித்தால் குறுக்கே அறிவுரை வேண்டாம். எதிரே உட்காரவைத்து விசாரிப்பதைவிட, டியூஷனுக்கு வண்டியில் அழைத்துப்போகும்போது அப்பா பேச்சுக் கொடுக்கலாம். முகம் பார்க்காதபோது பையன்கள் கொஞ்சம் தாராளமாகவே பேசுவார்கள்.

சாப்பாடும் தூக்கமும் குறைந்துகொண்டே போனாலோ, ‘நான் இருந்து என்ன’ என்ற பாணியில் பேசினாலோ, தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 104, 14416 ஆகிய எண்களில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.

மாநில அளவில் முதலிடம் பிடித்தவர்களை அறிவிப்பதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது; நம் உறவினர்கள்தான் இன்னும் நிறுத்தவில்லை. அடுத்த முறை உங்கள் அண்ணன் மதிப்பெண் கேட்டால், “அதை விடுங்கள் அண்ணா, அவன் நன்றாக இருக்கிறான்” என்று அவன் காதுபடவே சொல்லுங்கள்.