பழைய கார் கேள்வி பதில்: உங்க க்விஸ் பேப்பரை நான் திருத்துறேன்

கேள்வி: சார், க்விஸ்ல உலகத்தோட முதல் கார் எதுன்னு கேட்டாங்க. 1886 பென்ஸ்னு எழுதினேன், தப்புன்னு அடிச்சிட்டாங்க. 1769-ல பிரான்ஸ்ல கூன்யோ செஞ்ச வண்டிதான் முதல்னு சொல்றாங்க. யார் சொல்றது சரி?

பதில்: ரெண்டுமே சரி, கேள்விதான் தப்பு. கூன்யோ செஞ்சது பீரங்கி இழுக்கிறதுக்கான மூணு சக்கர நீராவி வண்டி, முன்னாடி அண்டா மாதிரி பெரிய பாய்லர் தொங்கும், மனுஷன் நடக்கிற வேகத்துக்குத்தான் போகும். தானா நகர்ந்தா கார்னு ஒத்துக்கிட்டா அதுதான் முதல். பெட்ரோல் இன்ஜின் வேணும், வாங்கி ஓட்டுற பொருளா இருக்கணும்னா கார்ல் பென்ஸ், 954 சிசி, ஒரே சிலிண்டர், முக்கால் குதிரைத்திறன், அதுக்கும் மூணு சக்கரம்தான். "முதல்"னு ஒரு கேள்வி வந்தாலே எதுல முதல்னு திருப்பிக் கேளுங்க, மார்க் போனாலும் பரவால்ல.

கேள்வி: ஃபோர்டு மாடல் டி கறுப்புல மட்டும்தான் வந்துச்சுன்னு போன இதழ்ல எழுதினீங்க. 1909 மாடல் ஒண்ணை சிவப்புல ஃபோட்டோல பாத்தேனே?

பதில்: மாட்டிக்கிட்டேன். நீங்க பாத்தது நிஜம், நான் அவசரத்துல எழுதினது தப்பு. 1908-ல வந்தப்ப சிவப்பு, பச்சை, சாம்பல்னுதான் வந்துச்சு, கறுப்பு மட்டும்னு ஆனது 1914-லேருந்து 1925 வரைக்கும்தான். அசெம்பிளி லைன் வந்து ஒரு சேஸிஸ், அதாவது வண்டியோட அடிச்சட்டம், கோர்க்கிறதுக்கு பன்னெண்டரை மணி நேரம் ஆனது ஒன்றரை மணி நேரமா குறைஞ்சிடுச்சு, அந்த ஓட்டத்துல கலர் கலரா பெயின்ட் மாத்திக்கிட்டு நிக்க யாருக்கு நேரம்? 1926-ல விற்பனை சரியவும் கலர் திரும்ப வந்துச்சு. "கறுப்பா இருக்கிற வரைக்கும் எந்தக் கலர் வேணும்னாலும் வாங்கிக்கலாம்"ங்கிற ஜோக்கை ஃபோர்டே சொன்னதால எல்லாரும் நம்பிட்டோம், நானும்தான்.

கேள்வி: அந்தக் காலத்து காரை மேட்டுல ரிவர்ஸ்ல ஏத்துவாங்கன்னு பெரியவர் ஒருத்தர் சொன்னார். கதை விடுறாரா?

பதில்: இல்லீங்க, சத்தியமா நிஜம், எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வியும் இதுதான். மாடல் டி-ல பெட்ரோல் பம்ப்பே கிடையாது, டேங்க் முன் சீட்டுக்கு அடியில இருக்கும், பெட்ரோல் தண்ணிக் குழாய் மாதிரி தானா இறங்கித்தான் கார்புரேட்டருக்கு, அதாவது பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பாகத்துக்கு, போகணும். மேடு செங்குத்தா இருந்து டேங்க்லயும் கொஞ்சம்தான் மிச்சம்னா, வண்டி மூக்கைத் தூக்கினதும் கார்புரேட்டர் மேல போயிடும், டேங்க் கீழ வந்துடும், இன்ஜின் இருமி நின்னுடும். வண்டியைத் திருப்பி பின்பக்கமா ஏத்தினா டேங்க் மேல வந்துடும், அவ்வளவுதான் விஷயம். இன்னொண்ணும் இருக்கு, அந்த கார்ல ரிவர்ஸ் கியர்தான் முதல் கியரை விட இழுவை அதிகம். கேள்வின்னா இப்படி இருக்கணும், வருஷத்தை மனப்பாடம் பண்ணினவனால சொல்ல முடியாது, காருக்கு அடியில குனிஞ்சு பாத்தவன் சொல்லிடுவான்.

கேள்வி: மெர்சிடஸ் 300 எஸ்எல் கதவு பறவை இறக்கை மாதிரி திறக்குதே, ஸ்டைலுக்குத்தானே?

பதில்: ஸ்டைலா தெரியுது, ஆனா வேற வழியில்லாம வெச்சது. மெல்லிசா குழாய்களை முக்கோணம் முக்கோணமா வெல்டு பண்ணி ஃபிரேம் செஞ்சாங்க, எடை குறையணும் ஆனா முறுக்கவும் கூடாதுன்னு குழாய் ரெண்டு பக்கமும் உயரமா ஓடுச்சு. சாதாரண கதவு வெச்சா அது ஃபிரேமை வெட்டிடும், அதான் கூரையில கீல் போட்டுட்டாங்க. உள்ள ஏறணும்னா கதவுக்குக் கீழ இருக்கிற அகலமான சுவர் மேல உக்காந்து காலைத் தூக்கி உள்ள போடணும், அதுக்காக ஸ்டியரிங் வீலே மடங்கும். 1957-ல ரோட்ஸ்டர் வந்தப்ப கூரையே இல்ல, கீலை எங்க மாட்டுறது? ஃபிரேமைத் திருத்தி சாதா கதவு வெச்சிட்டாங்க.

கேள்வி: உலகத்துலயே அதிகம் வித்த கார் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலா டொயோட்டா கொரோலாவா?

பதில்: பேரை எண்ணினா கொரோலா. ஒரே டிசைனை எண்ணினா பீட்டில், 1972-லயே மாடல் டி-யைத் தாண்டிடுச்சு, 2003-ல மெக்சிகோல நிறுத்துறப்ப 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல. க்விஸ் நடத்துறவர் எதை எண்ணினார்னு முதல்லயே கேட்டுக்கோங்க.

கேள்வி: 100 கிலோமீட்டர் வேகத்தை முதல்ல தாண்டினது நீராவி வண்டியா பெட்ரோல் வண்டியா?

பதில்: ரெண்டும் இல்ல. பேட்டரி வண்டி! 1899 ஏப்ரல்ல, கமீ ஜெனாட்சிங்கிற பெல்ஜியம்காரர், பீரங்கிக் குண்டு மாதிரி ஒரு வண்டில பாரிஸ் பக்கத்துல ஓட்டினார், மணிக்கு 105.88 கிலோமீட்டர். வண்டி குண்டு மாதிரி காத்தைக் கிழிக்கிற ஷேப்ல இருக்கும், ஆனா ஓட்டுறவர் இடுப்புக்கு மேல வெளிய நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பார், ஃபோட்டோ கிடைச்சா பாருங்க, சிரிப்பு வரும்.

கேள்வி: பென்ஸ் மனைவி தொப்பி ஊசியால கார் ரிப்பேர் பண்ணின கதை எவ்வளவு உண்மை?

பதில்: பெர்த்தா பென்ஸ், 1888 ஆகஸ்ட், வீட்டுக்காரர்கிட்ட சொல்லாம ரெண்டு பசங்களையும் ஏத்திக்கிட்டு மான்ஹைம்லேருந்து அம்மா வீட்டுக்கு, ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் போயிட்டாங்க. வழியில எரிபொருள் தீந்து மருந்துக்கடையில லிக்ராய்ன்னு பெட்ரோல் மாதிரி ஒரு திரவம் வாங்கினாங்க, குழாய் அடைச்சப்ப ஊசியால குத்தி எடுத்தாங்க, பிரேக் கட்டை தேஞ்சப்ப செருப்பு தைக்கிறவர்கிட்ட தோல் அடிக்கச் சொன்னாங்க. மேட்டுல பசங்க தள்ளினாங்க. திரும்பி வந்து அவங்க சொன்னதக் கேட்டுத்தான் பென்ஸ் மேடு ஏற இன்னொரு கியர் சேத்தார். டெஸ்ட் டிரைவர்னா அவங்கதான்.

கேள்வி: நண்பர்களை மடக்க ஒரே ஒரு கேள்வி குடுங்க சார்.

பதில்: மாடல் டி-ல மூணு பெடல், நடுவுல இருக்கிறதை மிதிச்சா என்ன ஆகும்? வலது பக்கம் இருக்கிறதுதான் பிரேக், ஆக்சிலேட்டர் ஸ்டியரிங்குக்குக் கீழ கைல இழுக்கிற லீவர், நடு பெடல் ரிவர்ஸ். "பிரேக்"னு பதில் சொல்றவர் கைல சாவி குடுக்கிறதுக்கு முன்னாடி வண்டிக்குப் பின்னாடி யாராவது நிக்கிறாங்களான்னு பாத்துக்கோங்க.