பதினோரு மணிப் பசி: வாசகர் கேள்வி, பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பசியை அடக்க இயற்கையான உணவோ பானமோ சொல்லுங்கள் என்று கேட்கிறீர்கள். அரசு மருத்துவமனையின் உணவுப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். காய்ச்சலில் கிடந்தவர் ஒருநாள் காலையில் "பசிக்கிறது" என்று சொன்னால் வார்டில் எல்லோர் முகமும் மலரும். உடல் தேறத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதனால் "அடக்க" என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. இராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் காலை உணவுக்குப் பெயரே பசியாறல். பசியை ஆற்ற வேண்டும் என்று சொன்ன அந்த வீட்டுப் பெண்களின் பக்கம்தான் நான்.

அக்கா, பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்கிறேன். எட்டரைக்குள் உள்ளே போக வேண்டும். காலையில் சாப்பிட நேரமில்லை. பதினோரு மணிக்கு வயிறு பிசைகிறது. டீ குடித்தால் அடங்கிவிடும். ஒரு நாளைக்கு ஐந்து டீ ஆகிறது, எடையும் கூடுகிறது. டீக்குப் பதிலாகப் பசியை அடக்கும் இயற்கைப் பானம் உண்டா?
– ஒரு வாசகி, திருப்பூர்

தங்கச்சி, முந்தின இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டிருந்தால் மறுநாள் பதினொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் உனக்குப் பசிக்கவில்லை என்றால்தான் நான் கவலைப்படுவேன்.

உன் ஐந்து டீயைக் கணக்குப் போட்டுப் பார். டீக்கு இரண்டு சிறு கரண்டி சர்க்கரை என்றால் பத்துக் கரண்டி, ஏறத்தாழ 50 கிராம். பெரியவர் ஒருவருக்கு நாள் முழுவதற்குமே அதுதான் மேல் வரம்பு, 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பாடே இல்லாமல் வரம்பைத் தொட்டுவிடுகிறாய். சர்க்கரை சட்டென்று இரத்தத்தில் ஏறி இறங்கியதும் மறுபடி வயிறு பிசையும், மறுபடி டீ. இது உன் மனக்கட்டுப்பாட்டின் குறை இல்லை. வயிறு காலியானால் அதன் சுவரிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் சுரந்து மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. டீ அந்தச் செய்தியைக் கொஞ்ச நேரம் மறைக்கிறது, அவ்வளவுதான்.

நீ கேட்ட பானம் உன் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. கம்பங்கூழ். ஞாயிற்றுக்கிழமை கம்பை லேசாக நீர் தெளித்து இடித்தோ, மிக்ஸியில் ஒன்றிரண்டாக உடைத்தோ வைத்துக்கொள். முந்தின இரவு குக்கரில் கெட்டியாக வேகவைத்து, ஆறியதும் கொஞ்சம் நீர் ஊற்றி மூடி வைத்துவிடு. காலையில் இரண்டு கைப்பிடி எடுத்து மோரும் உப்பும் விட்டுக் கரைத்து, இரண்டு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடி. ஐந்து நிமிடம் போதும். நீர்க்கக் கரைக்காதே. கெட்டியான கூழ் வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும், தண்ணீராக இருந்தால் அரை மணியில் போய்விடும். கம்பு பிடிக்காவிட்டால் கேழ்வரகு. அரிசியில் 100 கிராமுக்குப் பத்து மில்லிகிராம் அளவில்தான் சுண்ணாம்புச்சத்து உண்டு, கேழ்வரகில் 340-க்கு மேல்.

பதினோரு மணிக்கு ஒரு சின்ன டப்பாவில் தட்டைப்பயறோ கொண்டைக்கடலையோ சுண்டலாகக் கொண்டுபோ. டீ வேண்டாம் என்று சொல்லவில்லை. சுண்டல் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒன்று குடி. உணவோடு சேர்த்துக் குடித்தால் டீயின் துவர்ப்பு, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாது.

இன்னொன்று. கழிப்பறைக்கு எழுந்து போனால் முகம் சுளிப்பார்கள் என்று தண்ணீரே குடிக்காமல் நாளை ஓட்டுவதாக உன்னைப் போலப் பல பெண்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போதே கோபம் வருகிறது. சிறுநீரை அடக்கி அடக்கித் தொற்று வந்து நிற்கும் இளம் பெண்களை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். நான்கைந்து பேராகச் சேர்ந்து சூப்பர்வைசரிடம் கேளுங்கள். இது நீங்கள் கேட்க வேண்டிய உரிமை.

லாரி ஓட்டுகிறேன். இரவில் பரோட்டா சாப்பிட்டாலும் இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது. அதிக நேரம் பசி தாங்கும் உணவு எது?
– ஒரு வாசகர், நாமக்கல்

இந்தக் கேள்வியை ஆஸ்திரேலியாவில், சிட்னியில், ஆய்வாகவே செய்து பார்த்தார்கள். 1995-இல் வெளியானது. 38 உணவுகள், ஒவ்வொன்றிலும் ஒரே அளவு கலோரி. சாப்பிட்டவர்களிடம் இரண்டு மணி நேரம், கால் மணிக்கு ஒருமுறை, வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். முதலிடம் வந்தது அவித்த உருளைக்கிழங்கு. வெள்ளை ரொட்டியைவிட மூன்று மடங்குக்கு மேல் பசி தாங்கியது. கடைசி இடம், வெண்ணெயும் மைதாவும் அடுக்கடுக்காகச் சேர்ந்த குரோசான் என்ற பிரெஞ்சு ரொட்டிக்கு. மைதாவும் கொழுப்பும் அடுக்கடுக்காக என்று படித்தபோது எனக்கு நம் பரோட்டாதான் கண்முன் வந்தது, தம்பி.

உங்கள் ஊரே முட்டை ஊர். இரண்டு அவித்த முட்டையில் 12 கிராம் புரதம் இருக்கிறது. அதோடு அவித்த உருளைக்கிழங்கு இரண்டு, மிளகும் உப்பும் தூவி, ஒரு கை அவித்த வேர்க்கடலை. கிளம்பும்போதே வண்டியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் பசியில் பாதி தூக்கமின்மை. சிகாகோவில் 2004-இல் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. தூங்காதவருக்கு எந்த உணவும் முழுதாகப் பசியாற்றாது. வண்டியை ஓரங்கட்டித் தூங்குங்கள், தம்பி. இது பசியை விடப் பெரிய விஷயம்.

கள்ளிமுளையான் சாப்பிட்டால் பசியே எடுக்காது, உடல் இளைக்கும் என்கிறார்களே, உண்மையா? எங்கள் ஊர்க் காட்டில் நிறையக் கிடக்கிறது.
– ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

இந்தக் கடிதத்தைப் படித்ததும் என் அப்பா நினைவுக்கு வந்தார். ஆடு மேய்த்தவர். காலையில் நீராகாரம் குடித்துவிட்டுப் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு. நடுவில் முள்ளுச்செடிகளின் அடியில், கல்லும் சரளையுமான தரையில், நாலு பட்டையாக நிற்கும் கள்ளிமுளையானை ஒடித்து, ஓரத்து முள்போன்ற நுனிகளைச் சீவிவிட்டு மென்றுகொண்டே நடப்பார். புளிப்பும் லேசான கசப்பும். எங்களுக்கும் மடியில் கட்டிக்கொண்டு வருவார். அம்மா அதை நறுக்கி நல்லெண்ணெயில் வதக்கி, உளுந்தம்பருப்பு, வற்றல் மிளகாய், கொஞ்சம் புளி சேர்த்து அம்மியில் வைத்து அரைப்பாள். அந்தத் துவையலுக்கு இணை நான் இன்றுவரை சாப்பிட்டதில்லை.

பசி மட்டுப்படும் என்பது வெறும் பேச்சு இல்லை. பெங்களூரில் எடை கூடுதலாக இருந்த ஐம்பது பேரை வைத்து நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு அறுபது நாள், தினம் ஒரு கிராம் கள்ளிமுளையான் சாறுப்பொடி, மற்றவர்களுக்கு அதுபோலவே தோன்றும் வெறும் மாத்திரை. சாறு எடுத்தவர்களுக்குப் பசி உணர்வும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. எடையில் மட்டும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. இளைக்கும் என்று விற்கிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

பெயரில் கள்ளி இருந்தாலும் இது எருக்குக்கு உறவான செடி. ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது மென்ற ஹூடியாவும் இதே குடும்பம். தென்னாப்பிரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று 1990-களில் அதன் பசியடக்கும் பொருளுக்குக் காப்புரிமை கோரியது. அந்த அறிவின் சொந்தக்காரர்களான சான் மக்களுக்கும் வருவாயில் பங்கு என்ற ஒப்பந்தம் 2003-இல்தான் வந்தது. அதை இளைக்கவைக்கும் பானமாக்க முனைந்த பன்னாட்டு நிறுவனம், பாதுகாப்பும் பயனும் எதிர்பார்த்தபடி இல்லை என்று 2008-இல் கைவிட்டது. வேட்டைக்காரரும் ஆட்டுக்காரரும் அதை மென்றது கையில் வேறு சோறு இல்லாததால். அப்பா வீட்டுக்கு வந்ததும் வட்டில் நிறையச் சோறு தின்பார். பசியை மாலை வரை தள்ளிப்போட உதவிய செடி அது. சோற்றுக்கு மாற்று என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

துவையலாக வாரம் ஒருநாள் தாராளமாகச் சாப்பிடுங்கள். செடி தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒடித்த இடத்தில் வெள்ளைப் பால் வடிந்தால் அது நச்சுள்ள வேறு கள்ளி, தொடாதீர்கள். நுனியை மட்டும் கிள்ளுங்கள், வேரோடு பிடுங்கினால் அடுத்த மழைக்கு முளைக்க ஒன்றும் இருக்காது.

குடம்புளி மாத்திரை இயற்கையானது, பக்கவிளைவு இல்லை என்று நண்பன் தந்தான். சாப்பிடலாமா?
– கல்லூரி மாணவர், சென்னை

வேண்டாம். கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் மீன்குழம்பில் இரண்டு சுளை குடம்புளி போடுவார்கள். அது நல்ல உணவு, எந்தப் பயமும் இல்லை. மாத்திரையில் இருப்பது அதன் அமிலத்தைப் பிரித்துச் செறிவாக்கிய சாறு. இத்தகைய மாத்திரைகளைத் தின்று கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. ஏற்கெனவே சில நாள் எடுத்திருந்தால் நிறுத்திவிடுங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள், மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பசியைக் குறைக்க வெந்தயம், சப்ஜா, இளநீர் இவற்றில் எது நல்லது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

ஐயா, வெந்தயம் நல்லது. அதிலுள்ள கொழகொழப்பான நார்ச்சத்து உணவு இறங்கும் வேகத்தைக் குறைக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வுகளில் நாளுக்கு 25 கிராம் வரை கொடுத்துச் சர்க்கரை குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு சிறு கரண்டி ஊறவைத்துத் தொடங்குங்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டு. சப்ஜா நன்றாக ஊறி ஊதிய பிறகே குடிக்க வேண்டும். சர்பத்தில் போட்டால் சர்க்கரையைக் குடிப்பதாகிவிடும், உப்பு மோரில் போடுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் சற்றே தளர்ந்திருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. மாத்திரை சாப்பிடும் உங்களுக்குத் திடீரென்று அகோரப் பசி எடுத்து, வியர்த்து, கை நடுங்கினால் அது சர்க்கரை இறங்கும் அறிகுறியாக இருக்கலாம். அந்த நேரத்தில் வெந்தயத் தண்ணீரைத் தேடாதீர்கள். மூன்று சிறு கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் ஒருமுறை. பிறகு சாப்பிடுங்கள். மயக்கம் வந்துவிட்டால் யாரும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் இன்றே சொல்லி வையுங்கள்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. குண்டாக இருக்கிறேன் என்று காலையில் எலுமிச்சைத் தேன் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். மதியச் சாப்பாட்டையும் தோழிகளுக்குக் கொடுத்துவிடுகிறாளாம். அவளுக்கு ஏற்ற ஆரோக்கியமான பானம் ஏதாவது சொல்லுங்கள்.
– ஒரு தாய், தஞ்சாவூர்

அம்மா, பானம் எதுவும் சொல்லப் போவதில்லை. பதினைந்து வயதில் எலும்பு வளர்கிறது, மாதவிலக்கில் இரத்தம் போகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இவர்களில் ஒருத்தியாக உங்கள் மகள் ஆகிவிடக் கூடாது.

முதலில் வீட்டில் யாரும் அவள் உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். விளையாட்டாகக்கூட வேண்டாம். கல்யாண வீட்டில் ஓர் அத்தை சொன்ன ஒரு வார்த்தையால் சாப்பாட்டை விட்ட பெண்களை என் மேசைக்கு எதிரே உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். அவர்களில் ஒருத்திக்கு மாதவிலக்கு நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. அவள் அம்மா அதுவரை "டயட்தானே" என்று இருந்துவிட்டார். உங்கள் மகளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, தலைசுற்றல் உண்டா, சாப்பிட்ட உடனே குளியலறைக்குப் போகிறாளா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், மனநல ஆலோசனையும் கேளுங்கள்.

அதட்டிச் சாப்பிடவைக்காதீர்கள். இரவு ஒருவேளையாவது எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். முருங்கைக்கீரை அடையோ, பாசிப்பருப்புப் போட்ட கீரைக் கூட்டோ செய்து, எலுமிச்சம்பழத்தை அங்கே பிழியுங்கள். அதன் புளிப்பு கீரையின் இரும்புச்சத்தை உடலில் சேர்க்கும். எலுமிச்சைக்கு வெறும் வயிற்றைவிட அதுதான் சரியான இடம்.

அவளுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டு எழுதுங்கள். அவளே எழுதினாலும் சரி, அடுத்த இதழுக்குக் காத்திருக்காமல் அவளுக்குத் தனியே பதில் எழுதுகிறேன்.