வாங்கலாமா? – மூன்று சக்கர ஸ்கூட்டரும் முகத்தில் அடிக்கும் காற்றும்

ஆடி பிறந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் பேச்சே மாறிவிடும். பங்குனியில் ஏ.சி., ஐப்பசியில் மழைக்கோட்டு, ஆடியில் காற்று. இந்த முறை பாதிக்கு மேல், பக்கச் சக்கரம் பொருத்திய சைடு வீல் ஸ்கூட்டர்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். சின்ன வயதில் வந்த போலியோ இடது காலை எடுத்துக்கொண்டது. பல வருடமாக எனக்கு சைடு வீல்தான் கால். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: சைடு வீல் ஸ்கூட்டருக்கு ஆன்லைனில், முன்னால் காற்றைத் தடுக்கும் ‘யூனிவர்சல்’ விண்ட்ஷீல்டு ஒன்று 2,300 ரூபாய்க்கு வாங்கினேன். நல்ல உயரம். ஆனால் மாட்டிய பிறகுதான் ஹெல்மெட் படபடவென்று ஆடுகிறது, காதில் இரைச்சல். சரக்கில் குறையா? – உடுமலைப்பேட்டை வாசகர்

பதில்: சரக்கில் குறை இல்லை. அந்தச் சரக்குக்கும் உங்களுக்கும் பொருத்தம் இல்லை.

ஏரி நிரம்பிக் கலிங்கில் வழிவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே தண்ணீர் வழவழவென்று போகும். விழுந்த இடத்தில்தான் கொதிக்கும், சுழிக்கும். விண்ட்ஷீல்டின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்றும் அப்படித்தான். ஷீல்டுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த இடம் ஒன்று உண்டாகிறது. தாண்டிய காற்று அதற்குள் சுருண்டு விழுகிறது. அந்தச் சுழி உங்கள் தலை இருக்கும் இடத்தில் விழுந்தால் ஹெல்மெட் ஆடும். ஷீல்டே இல்லாத வண்டியில் காற்று நேராக அடிக்கும், ஆனால் ஒரே சீராக அடிக்கும். அதனால்தான் முன்பு இவ்வளவு ஆட்டம் தெரியவில்லை.

உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தால் ஷீல்டின் மேல் விளிம்பு மூக்கு நுனிக்கு நேரே இருக்க வேண்டும். கண் அதற்கு மேலாகப் பார்க்க வேண்டும், அதன் வழியாகப் பார்க்கக் கூடாது. அடியிலும் முழுக்க அடைக்காதீர்கள். ஷீல்டின் கீழ் விளிம்புக்கும் வண்டியின் முகப்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டால் அந்த வழியாகக் கொஞ்சம் காற்று புகுந்து பின்னால் அழுத்தம் குறைந்த இடத்தை நிரப்பும், ஆட்டம் குறையும்.

காசு போடும் முன் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. பிள்ளைகளின் பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் கண்ணாடி போன்றதாக ஒன்றை எடுத்து, இருக்கிற ஷீல்டின் மேல் விளிம்பில் டேப் போட்டு ஒட்டுங்கள். ஆளில்லாத மைதானத்தில் நாற்பதில் ஒரு சுற்று. அரை அங்குலம் ஏற்றி இன்னொரு சுற்று. எந்த உயரத்தில் தலை அமைதியாகிறதோ அதுதான் உங்கள் அளவு. உங்களுக்கு ஏற்கெனவே உயரம் கூடிவிட்டதால் ஷீல்டை இறக்கி மாட்டிப் பாருங்கள். முடியாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

இப்போது ‘யூனிவர்சல்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை.

பைக்குகளின் ஹேண்டில் பார் வெளியே தெரியும் குழாய்; பெரும்பாலும் 22 மில்லிமீட்டர். யூனிவர்சல் கிளாம்ப் பிடிப்பது அதைத்தான். நம் ஸ்கூட்டரில் குழாய் எங்கே தெரிகிறது? எல்லாம் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கிறது. மிச்சம் இருப்பது ரியர்வியூ கண்ணாடியின் தண்டு. உள்ளங்கை அளவு கண்ணாடியைத் தாங்கச் செய்த தண்டு அது. அதில் இரண்டடிப் பலகையைக் கட்டித் தொங்கவிட்டு ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று விற்கிறார்கள். மாமியார் வளையலும் யூனிவர்சல்தான், சோப்புப் போட்டு ஏற்றினால்.

அது ஆடுவதோடு போனால் பரவாயில்லை. கண்ணாடித் தண்டு ஹேண்டில் பாரோடு சேர்ந்து திரும்புவது. காற்று பலகையைத் தள்ளும், பலகை ஹேண்டில் பாரைத் தள்ளும். இரண்டு சக்கரக்காரர் காற்றடிக்கும் பக்கம் வண்டியைச் சாய்த்துச் சமாளிப்பார். நம் வண்டி சாயாது. எல்லாத் தள்ளலையும் கைதான் வாங்க வேண்டும். பலகை எவ்வளவு பெரிதோ அவ்வளவு தோள்வலி. முன் முகப்பில், அதாவது ஹேண்டிலோடு திரும்பாத பாகத்தில், பிராக்கெட் வைத்து மாட்டும் ஷீல்டு கிடைத்தால் விலை கூடினாலும் அதை வாங்குங்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் நான் வாங்கிய முதல் ஷீல்டு என் நெற்றிக்கு மேல் நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மைசூர்பாகு மாதிரி உட்கார்ந்து போனேன். பெருமையாகத்தான் இருந்தது, முதல் மழை ராத்திரி வரைக்கும். எதிரே வந்த லாரியின் வெளிச்சம் ஒவ்வொரு கீறலிலும் ஒவ்வொரு மழைத்துளியிலும் பட்டுப் பூத்தது. ரோடு தெரியவில்லை. தாம்பரத்திலிருந்து வீடு வரை கழுத்தைப் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினேன். மறுநாள் கழற்றியது, இன்றும் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது.

கேள்வி: கறுப்பு நிற ஷீல்டு மாட்டினேன், ஸ்டைலாக இருக்கிறது. ராத்திரி ஓட்டத்தான் சிரமமாக இருக்கிறது. என்ன செய்யலாம்? – திருப்பூர் வாசகர்

பதில்: கழற்றலாம்.

கேள்வி: எங்கள் கடைக்கு இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில்தான் போகிறேன். 4,800 ரூபாய் கொடுத்து, ‘இம்போர்ட்டட் பாலிகார்பனேட், சுத்தியலால் அடித்தாலும் உடையாது’ என்று சொன்ன ஷீல்டை வாங்கினேன். விற்றவரே மாட்டினார். மூன்றாவது வாரம் காற்றில் குறுக்கே பிளந்து, துண்டு ஒன்று கையைக் கிழித்துவிட்டது. கேட்டால் ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று போர்டைக் காட்டுகிறார். பில் தரவில்லை. ஜி.பே.யில்தான் பணம் அனுப்பினேன். – தூத்துக்குடி வாசகி

பதில்: அம்மா, முதலில் கைக்கு மருந்து போட்டீர்களா? டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசி போடாவிட்டால் இன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரிசல் போல்ட் துளையில் தொடங்கிக் குறுக்கே ஓடியிருக்கிறது. உடைந்த ஓரம் கத்தி மாதிரி இருக்கிறது. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் வளையும், மடங்கும். இப்படிக் கூராகச் சிதறுவது அக்ரிலிக் என்ற வேறொரு பிளாஸ்டிக்கின் குணம். துளையில் ரப்பர் வாஷரும் இல்லை, போல்ட்டை நேராக இறுக்கியிருக்கிறார்கள். மாட்டியவர் அவரே என்பதால் ‘நீங்கள்தான் அதிகம் இறுக்கினீர்கள்’ என்று உங்கள் தலையில் கட்டவும் முடியாது.

அந்த போர்டுக்கு மதிப்பில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் கணக்கு. நீங்கள் மூன்றாவது வாரத்திலேயே கேட்டிருக்கிறீர்கள். பில் தர மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அவர் ‘பாலிகார்பனேட்’ என்று அனுப்பிய வாட்ஸ்அப், உடைந்த துண்டுகள், டாக்டர் சீட்டு நாலையும் பத்திரப்படுத்துங்கள். துண்டுகளைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள், எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகாரைப் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. ஷீல்டு விலையோடு கைக்கான செலவையும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் சேர்த்தே கேளுங்கள். மனு எழுதத் தயக்கமாக இருந்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

கேள்வி: பாம்பன் பாலத்தில் போகும்போது என் சைடு வீல் வண்டி பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. காற்றைத் தடுக்க என்ன வாங்கலாம்? – ராமேஸ்வரம் வாசகர்

பதில்: எதையும் வாங்க வேண்டாம். இருப்பதைக் கழற்றுங்கள்.

பின்னால் மீன் பெட்டியோ தண்ணீர் கேனோ உயரமாகக் கட்டியிருக்கிறீர்களா? அது பாய்மரம். பொத்தான் போடாத மழைக்கோட்டும் பாய்மரம். பக்கத்துப் பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். ரயிலுக்கே இல்லாத அவசரம் நமக்கு எதற்கு? அந்த மாதிரி நாளில் டீக்கடையில் உட்காருங்கள்.

சாதாரணக் காற்றென்றால் வேகத்தைக் குறையுங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கை விறைத்தால் உடம்பில் படும் காற்றெல்லாம் ஸ்டியரிங்குக்குப் போகும். கைப்பிடிச் சுவர் ஓரத்தை ஒட்டாமல் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் வைத்துப் போங்கள். முந்திப் போகும் பஸ் முதலில் உங்களை வெளியே தள்ளும், தாண்டும்போது தன் பக்கம் இழுக்கும். தள்ளும்போது ரொம்பத் திருப்பிவிட்டால் இழுக்கும்போது பஸ்ஸின் பக்கம் போய்விடுவீர்கள். அதுதான் ஆபத்து. இன்னொன்று: சாயாத வண்டியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் காற்றில்லை, வளைவில் நாம் வைக்கும் வேகம்.

கேள்வி: விண்ட்ஷீல்டு இருப்பதால் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம் அல்லவா? – பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்

பதில்: பெயர் வேண்டாம் என்றதிலேயே பதில் தெரிந்திருக்கிறது. ஹெல்மெட் தரத்துக்கான ஐ.எஸ். 4151 முத்திரை பார்த்து வாங்குங்கள். ரோட்டோரத்தில் விற்கும் பிளாஸ்டிக் சட்டியை அல்ல.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். ஒரு பக்கம் மட்டும் மழைப் படுதாவை இறக்கினால் வண்டி இழுக்கிறது. பின் படுதாவைத் தூக்கினால் சவாரிகள் புகை நாற்றம் என்கிறார்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் படுதா 1,500 சொல்கிறார்கள். வாங்கலாமா? – பல்லடம் வாசகர்

பதில்: வாங்கலாம், ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு தொல்லையும் அதனால் தீராது. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் காற்று உங்கள் ஊரில் மேற்கிலிருந்து அடிக்கும். ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்தால் உள்ளே புகுந்த காற்று படுதாவை உப்ப வைத்து வண்டியைத் தள்ளும். ரெண்டையும் மூடுங்கள், அல்லது ரெண்டையும் சுருட்டி வாரில் கட்டுங்கள். தளர்ந்து தொங்குவதுதான் மோசம். புகை விஷயம்: ஓடும் வண்டியின் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைவு, சைலன்ஸர் புகை அங்கே சுற்றிக்கொண்டே வரும். பின் படுதாவைத் தூக்கினால் நேராக சவாரியின் மடிக்கு வரும். இறக்கியே வையுங்கள். நாற்றம் அப்போதும் வந்தால் சைலன்ஸரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முன்னுக்கு ரெண்டு சில்லு உள்ள கேன்-ஆம் ஸ்பைடர் ஆர்.டி. வைத்திருக்கிறேன். முன் கண்ணாடியை (விண்ட்ஷீல்டை) உயர்த்தினால் எனக்குச் சுகம், பின்னால இருக்கிற மனிசிக்குத் தலை ஆடுது. பதித்தால் எனக்கு இரைச்சல். உயரமான கண்ணாடி 300 டாலர் சொல்லுகினம். – ஸ்கார்பரோ (கனடா) வாசகர்

பதில்: அந்த வண்டியை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். காற்று ஒன்றுதான். பின் சீட்டு உயரம். உங்கள் தலையைத் தாண்டிய சுழி அவர் முகத்தில் விழுகிறது. ஸ்பைடர் ஆர்.டி.யில் கண்ணாடியை சுவிட்சால் ஏற்றி இறக்கலாமே, காசு போடும் முன் அதை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள். நேரான ரோட்டில் அவர் தன் உள்ளங்கையை ஹெல்மெட்டுக்கு முன்னால் மெதுவாக மேலே தூக்கட்டும். காற்று முரடாகத் தொடங்கும் இடம் கைக்கே தெரியும். நீங்கள் ஒவ்வொரு அங்குலமாகக் கண்ணாடியை இறக்குங்கள். அந்த முரட்டுக் காற்று அவருடைய கழுத்துக்குக் கீழே போகும் இடத்தில் நிறுத்துங்கள். உங்களுக்கு மிஞ்சும் இரைச்சலுக்கு இயர்பிளக் போதும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் 90 டெசிபலுக்கு மேல் போகும்; காதை அது மெல்லத் தின்றுவிடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது, 50க்கும் 100க்கும் நாலு மடங்கு. பத்துக் கிலோமீட்டர் குறைத்துப் பாருங்கள். 300 டாலரை அவர் கையில் கொடுத்துவிடலாம்.

கேள்வி: ஷீல்டில் பூச்சி ஒட்டுகிறது. பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா? – ஆரல்வாய்மொழி வாசகர்

பதில்: வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்தால் பூச்சி ஊறித் தானே வரும். அப்புறம் சோப்புத் தண்ணீர். காய்ந்த துணி, அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர், பெட்ரோல் மூன்றும் ஆகாது. பெட்ரோல் துணியால் நான் ஒருமுறை துடைத்தேன். காலையில் ஷீல்டு முழுக்கச் சிலந்தி வலை. மாடிப்படிக்கு அடியில் அது இரண்டாவது.

கேள்வி: உங்கள் வண்டியில் இப்போது என்னதான் இருக்கிறது? – பலர்

பதில்: முகப்பில் திருகிய ஒரு முழ ஷீல்டு, 900 ரூபாய். பார்க்க ஒன்றுமில்லை. மாட்டியவர் நான்கு போல்ட்டுக்கும் ரப்பர் வாஷர் போட்டார், பில்லும் கொடுத்தார். பேத்திக்கு மட்டும் பிடிக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பெரியதைத்தான் மாட்டச் சொல்கிறாள்.