பேய்ப் படங்களும் ஏற்காட்டு இரவுகளும்: கேள்வி பதில்

பேய்ப் படங்களைப் பற்றியும், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைப் பக்கம் எனக்கு நேர்ந்தவற்றைப் பற்றியும் அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து, சிறு வயது முதலே பேய்ப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்து வருபவள் நான்.

அக்கா, தமிழ்ப் பேய்ப் படங்களில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்? (கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி)

2009இல் அறிவழகன் இயக்கிய 'ஈரம்'. அந்தப் படத்தில் பேய்க்கென்று கோரமான ஒரு முகம் தேவைப்படவில்லை. நாம் அன்றாடம் புழங்கும் தண்ணீரே இறந்துபோனவளின் கையாக மாறிவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய இரவில் குளியலறைக் குழாய் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பவர்களுக்குத்தான் அந்தப் படத்தின் திறமை முழுமையாக விளங்கும்.

அதே ஆண்டில் விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்' வந்தது. ஒரு குடும்பம் புதிதாகக் குடியேறிய வீட்டில், தொலைக்காட்சித் தொடரில் நடப்பதெல்லாம் அந்தக் குடும்பத்துக்கும் நடக்கத் தொடங்குகிறது. இந்த இரண்டு படங்களுக்கு முன்பு தமிழ்ப் பேய் பெரும்பாலும் ஊருக்கு ஒதுக்குப்புறமான பங்களாவிலோ புளியமரத்திலோ குடியிருந்தது. இவை அதை மின்தூக்கி வைத்த அடுக்குமாடி வீட்டுக்குள் அழைத்து வந்துவிட்டன. ஓடி ஒளிவதற்கு நமக்கென்று இருந்த ஒரே இடமும் போயிற்று என்பதால், அந்த ஆண்டைத் தமிழ்ப் பேய்ப் படங்களின் திருப்புமுனையாகவே கருதுகிறேன்.

பேயையும் நகைச்சுவையையும் கலந்தது இந்த வகைப் படங்களைக் கெடுத்துவிட்டது என்று நினைக்கிறேன். நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா? (ரயில்வே ஊழியர், சூரமங்கலம்)

பாதி ஒப்புக்கொள்கிறேன். 2011இல் வந்த ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா'வில் சிரிப்பு நிறைய உண்டு. ஆனால் அந்தப் பேய்க்கு ஒரு வழக்கு இருக்கிறது. வீட்டாரால் விரட்டப்பட்ட ஒரு திருநங்கை, மருத்துவமனை கட்டுவதற்காக வாங்கிய நிலத்தை அதிகாரம் உள்ளவன் பறித்துக்கொள்கிறான், கொன்றும் விடுகிறான். சரத்குமார் அந்தப் பாத்திரத்தை எங்கும் கேலிக்கு விட்டுக்கொடுக்காமல் நடித்தார். உயிரோடு இருந்தபோது கிடைக்காத நியாயத்தைக் கேட்டு வருவதுதான் நம் ஊர்ப் பேய்க்குப் பரம்பரையாக உள்ள வேலை. அதை அந்தப் படம் மறக்கவில்லை. அதன் வெற்றியைப் பார்த்துப் பின்னால் வந்த பலவற்றில் சிரிப்பு தங்கியது, வழக்கு காணாமல் போயிற்று. காரணமில்லாமல் கதவைச் சாத்துகிற பேய் எனக்கு வேண்டாம்.

மிஷ்கினின் 'பிசாசு' (2014) இதற்கு நேர்மாறான பாதையில் போனது. பழிவாங்க வராத பேய் ஒன்றை வைத்து இரண்டு மணி நேரம் நம்மைக் கலங்கவைக்க முடியும் என்று அது காட்டியது.

'சந்திரமுகி' பேய்ப் படமா, இல்லையா? எங்கள் வீட்டில் இதற்காகச் சண்டையே நடக்கிறது. (குடும்பத் தலைவி, அம்மாப்பேட்டை)

இல்லை. 1993இல் வந்த மலையாளப் படமான 'மணிச்சித்ரதாழ்' வழியாக வந்த கதை அது. மனநோய்தான் அதன் முடிச்சு. சண்டையை முடித்துக்கொள்ளுங்கள் அம்மா.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவுப் பக்கம் இரவில் நடமாட்டம் உண்டு என்கிறான் என் நண்பன். நீங்கள் ஏதாவது கண்டதுண்டா? (கன்னங்குறிச்சி)

அந்த வழியாக எல்லா நேரத்திலும் போயிருக்கிறேன், ஒன்றையும் கண்டதில்லை. அந்த இடத்துக்குப் பேய் தேவையும் இல்லை. டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்தத் திரைப்பட நிறுவனத்திலிருந்துதான் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் வந்தது. தமிழின் முதல் முழு நீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்ததும் அங்கிருந்துதான். படப்பிடிப்புத் தளங்களெல்லாம் போய், வளைவு மட்டும் நிற்கிறது. சேலத்துக்காரர்கள் அந்த வளைவைக் கடக்கும்போது நினைத்துக்கொள்வதற்கு உண்மையிலேயே நடந்தவை இவ்வளவு இருக்க, இல்லாத ஒன்றை ஏன் ஏற்றிச் சொல்ல வேண்டும்?

பேய்ப் படத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி: மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள் பலவற்றுக்கு இசையமைத்த வேதாதான் 1966இல் வந்த 'யார் நீ?' படத்துக்கும் இசையமைத்தார். மூடுபனியில் ஒரு பெண்ணின் குரல் மட்டும் தூரத்திலிருந்து பாடிக்கொண்டு வரும் அந்தக் காட்சியை இன்று பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. பேய் பயமுறுத்துவது முதலில் காதைத்தான் என்று அந்தக் காலத்து இசையமைப்பாளர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மலைப்பாதையில் பதினைந்தாவது வளைவு தாண்டி, பனிக்குள் பனைமர உயரத்துக்கு ஓர் ஆள் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். நான் குடிப்பவன் அல்லன். (வாடகைக் கார் ஓட்டுநர், அடிவாரம்)

நீங்கள் பார்த்தது உண்மை என்றே நம்புகிறேன். சேலத்திலிருந்து ஏறும் அந்தப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மேலே போகப் போகப் பனி சுவர்போல் இறங்கும். பின்னால் வரும் வண்டியின் முகப்பு விளக்குக்கும் பனிக்கும் நடுவில் சாலையோரம் ஒருவர் நடந்தால், அவருடைய நிழல் தரையில் விழாமல் பனியின் மேலேயே நெடுநெடுவென்று நீண்டு விழும். பின்வண்டி வளைவில் திரும்பியதும் நிழலும் சட்டென்று நகர்ந்து மறைந்துவிடும். எனக்கும் ஒருமுறை அப்படித் தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டி நின்று பார்த்தபோது, தோட்டத்திலிருந்து வீட்டுக்குப் போகும் ஒரு பெரியவர் தலையில் துண்டுடன் நடந்து வந்தார். பனியில் விளக்கைத் தாழ்த்தியே ஓட்டுங்கள். உயர்த்தி வைத்தால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூசவைக்கும். பேயைவிட அது ஆபத்தானது.

விடுதி அறையில் விடியற்காலையில் யாரோ மார்பின் மேல் உட்கார்ந்து அழுத்துகிறார்கள். கத்த முடிவதில்லை. என் கட்டிலில் முன்பு இருந்தவளுக்கும் இப்படித்தானாம். (மாணவி, சேலம்)

இதை நம் பாட்டிமார் அமுக்குவான் பேய் என்பார்கள். கனவு காணும் உறக்கத்தில், நாம் கனவில் ஓடுவதை உடம்பும் செய்துவிடாதபடி மூளை தசைகளைக் கட்டிப் போட்டிருக்கும். அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன் விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, கனவின் மிச்சம் அறைக்குள் ஆளாகத் தெரியும். எனக்கும் வந்திருக்கிறது, அந்த நேரத்துப் பயம் பொய்யில்லை. மல்லாந்து படுக்கும்போதும், தூக்கம் கெட்ட நாட்களிலும் இது அதிகம் வரும். ஒருக்களித்துப் படுங்கள், தேர்வு என்று இரவெல்லாம் விழித்திருக்காதீர்கள், வரும்போது ஒரு விரலை மட்டும் அசைக்க முயலுங்கள். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கட்டிலின் மேல் பழி போட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்கிறீர்களே அம்மா, உங்களுக்கே விளங்காத அனுபவம் ஒன்றுகூட இல்லையா? (ஆசிரியர், ஆத்தூர்)

இருக்கிறது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் என் தோழியின் காப்பித் தோட்டத்து வீட்டில் ஒரு மார்கழி இரவு தங்கியிருந்தேன். ஓட்டின் மேல் ஏதோ ஓடும் சத்தம் கேட்டது; அது மரநாய், காப்பிப் பழம் தின்ன வரும் என்று தோழி சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் படுக்கப் போனாள். நான் சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். "சின்னக்குட்டி" என்று ஒரு குரல் கூப்பிட்டது. என்னை அப்படிக் கூப்பிட்டவர் என் அத்தை ஒருவர்தான்; அவர் காலமாகி நெடுநாள் ஆகியிருந்தது. இரவில் யாராவது கூப்பிட்டால் மூன்றாம் முறைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. நான் வாய் திறக்காமல் நின்றேன். இரண்டாம் முறை குரல் வரவில்லை. அடுத்த அறையிலிருந்து தோழி, "உன்னை யார் கூப்பிட்டது?" என்று கேட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். அத்தை ஏற்காட்டுக்கு வந்ததே இல்லை. அவருக்கு எங்கள் யாரிடமும் தீராத மனக்குறை கிடையாது. அதற்கு முன்னும் பின்னும் எதுவும் நடக்கவில்லை. சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு முன்கதை வந்திருக்கும், பூட்டிய அறை ஒன்று திறந்திருக்கும். என் அனுபவத்தில் அப்படி எதுவும் இல்லாததால்தான் அதை நான் நம்புகிறேன். என்னிடம் பேய் அனுபவம் சொல்ல வருபவர்களில், கொலை, துரோகம், பழி என்று முழுக் கதையோடு வருபவர்களைக் காட்டிலும், தலையும் வாலும் இல்லாத ஒரு சிறு துணுக்கைத் தயங்கித் தயங்கிச் சொல்பவர்களின் பேச்சையே உன்னிப்பாகக் கேட்கிறேன்.

என் எட்டு வயது மகன் பேய்ப் படம் பார்த்துவிட்டுத் தனியாகப் படுக்க மறுக்கிறான். என்ன செய்வது? (தாய், குகை)

பயந்த காட்சியைப் பகலில், உங்கள் மடியில் வைத்துக்கொண்டு, ஒலியை அணைத்துப் போட்டுக் காட்டுங்கள். பயத்தில் பெரும்பகுதி ஒலியோடு போய்விடும். தணிக்கைச் சான்றிதழில் இப்போது ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயது குறிக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் படத்தைப் போடுங்கள்.

ஏற்காட்டில் பாழடைந்த பங்களா ஒன்றில் இரவு தங்கிப் படம்பிடிக்கப் போகிறோம். உடன் வருகிறீர்களா அக்கா? (இளைஞர்கள், ஓமலூர்)

வரமாட்டேன், தம்பிகளே, நீங்களும் போகாதீர்கள். பாழடைந்ததாக உங்களுக்குத் தெரியும் வீடுகள் யாரோ ஒருவருடைய தோட்டத்துக்குள் இருப்பவை. மலையில் இரவில் காட்டெருமை நடமாடும். கைவிளக்கை அதன் கண்ணில் அடித்தால் என்ன ஆகும் என்று தோட்டத்துக் காவலாளிகளைக் கேட்டுப் பாருங்கள். காணொளிக்குப் பரபரப்பு வேண்டும் என்று சேர்வராயன் கோயில் குகையை மர்மக் குகையாகக் காட்டுவதும் வேண்டாம். இந்த மலையிலேயே வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடும் சாமி அவர். அந்தக் குகையைப் பார்க்க விரும்பினால் மே மாதத் திருவிழாவுக்குப் பகலில் போங்கள். படம்பிடிக்கலாமா என்று பூசாரியிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.